குளம்படி

ஆடி ஒன்பது திருவிழா.
அதற்குள் குதிரை முடியணும் என்றார் தஸ்நேவிஸ்.
ஏர்வாடியில் பலகை எழுதுகிறவன் நான், கோதர் மைதீன்.
முட்டைக்கடை, சலூன், கட்சி, கல்யாணம்.
உருவம் வரையமாட்டேன் என்று வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு
யாரோ வரைந்ததன் மேல் பூசுவதற்கும் சேருமா என்று
பஸ்ஸில் உவரி வரைக்கும் யோசித்தேன்.
உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் விட்டுவிட்டேன்.

கடலைப் பார்த்த கெபி. கோயில் அதற்கு மேற்கே.
வெள்ளைக் குதிரை மேல் சந்தியாகப்பர், ஓங்கின வாளோடு.
முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே
தலைப்பாகைக்காரன் ஒருவன் மல்லாக்கக் கிடக்கிறான்.

இது யாரு என்றேன்.
தஸ்நேவிஸ் தொண்டையைச் செருமினார்.
“பழைய சண்டை, பாய். எந்தக் காலமோ, எந்தத் தேசமோ.
பறங்கி சாமியக் கப்பல்ல ஏத்தும்போது
இவனையும் சேத்து ஏத்திட்டானுவ.”

குதிரை எளிது. வெள்ளைக்குக் கீழே வெள்ளைதான்.
கிடந்தவனைச் சுரண்டத்தான் இரண்டு நாள் போயிற்று.
மேலே கரி நிறம், அதற்கடியில் நீலம்.
ஒரு காலத்தில் கோரைப்பல் வைத்திருக்கிறார்கள்.
ஒரு காலத்தில் கொம்பு; அறுத்த தழும்பு விரலில் நெருடியது.
எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தை ஒட்டின முதல் பூச்சில்
கோதுமை நிறம், மூன்று நாள் தாடி,
வாழைக்காய் மண்டி செய்யது மசூது மாமாவின் வாய்.

“ரத்தத்த மட்டும் கொறச்சிராதீங்க.”
சிவப்பு டப்பா தனியாக வந்தது. நல்ல கம்பெனி.
உபயம் அவர் மகன். கத்தாரில் மீன் பிடிக்கிறான்,
அரபி ஒருவனுடைய படகில்.
“தங்கமான மொதலாளி, பாய்.
நோம்பு மாசம் வேலை பாதி, சம்பளம் முழுசு.”
சொல்லிவிட்டு டப்பாவைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தார்.

சாயா கொண்டுவந்த அவர் வீட்டம்மாவின் மணிக்கட்டில்
ஆத்தங்கரைப் பள்ளிவாசலில் கட்டின கயிறு.
“எத்தன வருசமா இப்பிடியே கெடக்கான்,
முதுகு நோவாதா” என்றாள்,
கோழியை விரட்டுகிற குரலில்.

அவன் முகத்துக்குத் தூரிகை எட்ட வேண்டுமானால்
நானும் மல்லாக்கப் படுக்க வேண்டும்.
குதிரை வயிற்றுக்கு எந்தக் காலத்திலும்
யாரும் வர்ணம் பூசியதில்லை.
துருப்பிடித்த நாலு ஆணி. ஒரு குளவிக்கூடு.
வாளும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை.
இத்தனை காலமும் அவன் பார்த்துக் கிடந்தது இதை.

முகம் கிழக்கே சாய்ந்திருந்தது, கடல் பக்கம்.
எங்கள் ஆளைக் கிடத்தினால் மேற்கே திருப்புவோம்.
கழுத்தில் கைவைத்து லேசாக அழுத்திக்கூடப் பார்த்தேன்.
பூவரசு. அது எங்கே திரும்பும்.

ரத்தம் பூசினேன், சொன்ன அளவுக்கு.
கண்ணுக்கு வெள்ளை வைத்து, காயட்டும் என்று
வலைக்கூடத்துக் குழாயில் தின்னர் வாடை போகக் கழுவி
உலர்ந்த வலைமேல் அசர் தொழுதேன்.
மீன் செதில் ஒன்று நெற்றியில் ஒட்டியிருந்தது,
கெபிக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.
இரண்டு பாவையையும் ஓரமாக வைத்தேன்,
மேற்கு ஓரமாக.

திருவிழா முடிந்து போன் வந்தது.
பங்குச்சாமி வெகுநேரம் குனிந்து பார்த்தாராம்.
‘பகைவனும் கோயிலைப் பார்க்கிறான், மனம் திரும்பிவிட்டான்’ என்று
பிரசங்கமே வைத்துவிட்டாராம்.
சனமெல்லாம் ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்ததாம்.
சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.
“பாய், அவன் கோயிலத்தானே பாக்கான்?”

“கோயிலும் அந்தப் பக்கந்தான இருக்கு” என்றேன்.

கொஞ்ச நேரம் போனில் கடல் மட்டும் கேட்டது.
பிறகு, பாக்கி ஐந்நூறை
திசையன்விளைச் சந்தைக்கு வரும்போது தருவதாகச் சொன்னார்.